பரதேசத்தில் சிநேகம்

கல்வியின் பொருட்டும் ஜீவனத்தின் பொருட்டும் கடல் கடந்து செல்லும் நமது வாலிபர்களுக்குப் புத்திமதி கூறுவோர் இந்நாட்டில் அநேகர். எத்தனை கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு ஊறுகாயும் பொடியும் கட்டிக்கொள்ள வேண்டும், பணத்தை எந்த பாங்கியில் போட்டு வைக்க வேண்டும் என்பனவற்றைக் குறித்துப் பெற்ற தாய் முதல் தூர பந்து வரை யாவரும் அபிப்பிராயம் சொல்வர். போய்ச் சேர்ந்த ஊரில் யாருடன் பேசுவது, முகமறியாத அந்நியரைச் சிநேகிதராக்கிக் கொள்வது எங்ஙனம் என்பதை மாத்திரம் ஒருவரும் சொல்வதில்லை. அது தானே நடக்கும் காரியமென்று எல்லோரும் எண்ணியிருக்கிறார்கள். அவ்விதம் நடப்பதில்லை யென்பதை, அந்நிய தேசத்தில் முதல் ஆறு மாதத்தைத் தனியறையில் சுவரைப் பார்த்துக் கழித்த எந்த மாணவரும் அறிவார். ஆனால் வீட்டுக்கு எழுதும்போது "சௌக்கியமாயிருக்கிறேன்" என்றே எழுதுவார்.

ராஜீய விஷயங்களுக்குரிய இப்பக்கத்தில் இத்தகைய வீட்டு விவகாரத்தை ஏன் எழுதவேண்டுமென்று நமது நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். 2024-ஆம் வருஷத்தில் நமது அரசாங்கத்தார் பார்லிமெண்டில் வெளியிட்ட கணக்குப்படி, அந்நிய நாடுகளில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர் தொகை பத்து லட்சத்துக்கு மேற்பட்டது. வேலைக்குச் சென்றவர்கள் இதிற் சேரார். இத்தனை பேர் அங்கே யாருடன் உண்கிறார்கள், யாருடன் தர்க்கிக்கிறார்கள், யாருக்கு உதவுகிறார்கள் என்பது வெறும் சொந்த விஷயமன்று. நமது தேசத்தின் சரித்திரத்தையே மாற்றிய சில சிநேகங்கள் லண்டனிலும் ஜோஹானஸ்பர்க்கிலும் சாப்பாட்டு மேஜையருகே தோன்றியவை. ஆதலின் இதனை அற்பமென்று தள்ளிவிட நமக்கு மனமில்லை.

1888-ஆம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி பம்பாயில் கப்பலேறிய மோகன்தாஸ் காந்திக்கு அப்போது பத்தொன்பது வயது நிறையவில்லை. அவர் பிற்காலத்தில் எழுதிய "சத்திய சோதனை"யைத் தேச பக்தர்கள் யாவரும் படித்திருப்பார்கள். ஆனால் அந்நூலைச் சத்தியத்துக்காகவும் பிரம்மசரியத்துக்காகவும் படிப்போர், அது ஒரு கூச்சமுள்ள வாலிபன் அந்நிய தேசத்தில் மனிதரைத் தேடிய கதையுமாகும் என்பதைக் கவனிப்பதில்லை. கப்பலில் அவர் சாப்பாட்டு மேஜைக்கே போகவில்லை. கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லையென்று பரிசாரகனிடம் கேட்க வாய் வராது. ஊரிலிருந்து கொண்டுபோன பட்சணங்களையும் பழங்களையும் அறையிலேயே இருந்து தின்றார். அதே அறையிலிருந்த ஜூனாகட் வக்கீல் மஜும்தார், தப்பானாலும் பாதகமில்லை, இங்கிலீஷில் பேசும், வக்கீலாகப் போகிறவனுக்கு நீண்ட நாக்கு வேண்டாமா என்று பலவாறு தூண்டியும் பயனில்லை.

அவர் கையில் நான்கு அறிமுகக் கடிதங்கள் இருந்தன. டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா, தளபத்ராம் சுக்லா, இளவரசர் ரஞ்ஜித்சிங்ஜி, தாதாபாய் நௌரோஜி ஆகிய நால்வருக்கு. இக்கடிதங்களின் கதி விசேஷமானது. தாதாபாய்க்கு எழுதப்பட்டதை அவர் வெகுகாலம் பெட்டியிலேயே வைத்திருந்தார். அத்தகைய பெரியவரைத் தொந்தரவு செய்ய நமக்கு என்ன உரிமை யென்பது அவருடைய எண்ணம். தாதாபாய் பிரசங்கம் செய்யுமிடங்களுக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணாலும் காதாலும் அனுபவித்துவிட்டுத் திரும்புவார். கடைசியில் ஒருநாள் துணிந்து கடிதத்தைக் கொடுத்தார். வேண்டியபோது வந்து ஆலோசனை கேட்கலாமென்று அம்மகான் அன்போடு சொன்னார். இவரோ ஒரு தடவையேனும் போகவில்லை. அறிமுகக் கடிதம் கதவைத் திறக்கும். உள்ளே நடக்கக் கால் நம்முடையதாகவே இருக்க வேண்டும்.

டாக்டர் மேத்தா விஷயம் வேறு. காந்தி வந்திறங்கிய அன்று இரவே ஹோட்டலில் வந்து பார்த்தார். பேச்சினிடையே காந்தி அவருடைய பட்டுத் தொப்பியை எடுத்து, அதன் மிருதுவை அறியும் பொருட்டு எதிர்ப்பக்கமாகத் தடவி ரோமத்தைக் கலைத்துவிட்டார். மேத்தா சற்றுக் கோபத்தோடு தடுத்தார். உடனே அதையே பாடமாக்கி, அவ்வூர் வழக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார். பிறர் பொருளைத் தொடாதே, நம் ஊரில் முதற் சந்திப்பிலேயே கேட்கிற கேள்விகளை இங்கே கேட்காதே, உரக்கப் பேசாதே, யாரையும் "ஸர்" என்று கூப்பிடாதே, வேலைக்காரர்தாம் எஜமானரை அப்படி அழைப்பர் என்பன அவை. இந்தப் பட்டியலைக் கண்டு சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். முதற் சந்திப்பில் சம்பளம் என்ன, கல்யாணமாயிற்றா, எத்தனை குழந்தைகள் என்று கேட்பது நம்மூரில் அன்பின் அடையாளம். லண்டனில் அது திருடன் பூட்டைத் தடவுவது போலாகும். இரண்டு தேசத்தாரிடத்திலும் அன்பு உண்டு. அதன் வாசற்படி மட்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்க முதல் நாளிலேயே ஒரு மேத்தா வாய்ப்பது பெரும்பாக்கியம். அந்தச் சிநேகம் 1932-ல் மேத்தா ரங்கூனில் காலமாகும் வரை நீடித்தது.

புதிதாக வந்தவர்களெல்லாம் செய்யும் ஒரு காரியத்தைக் காந்தியும் செய்தார். அந்நாட்டாரைப் போலாகிவிட்டால் அந்நாட்டார் தம்மை ஏற்றுக்கொள்வர் என்று நம்பினார். பாண்டு தெருவில் பத்துப் பவுன் கொடுத்து மாலையுடுப்புத் தைத்தார். பத்தொன்பது ஷில்லிங்கில் ஒரு தொப்பி. அண்ணனிடம் கேட்டு வாங்கிய இரட்டைவடத் தங்கச் சங்கிலி. நடனத்துக்கு மூன்று பவுன், பிடிலுக்கு மூன்று பவுன், பேச்சுக் கலை வாத்தியாருக்கு ஒரு கினி. மூன்று மாதம் இந்தப் பித்து. இத்தனை செலவில் அவர் சம்பாதித்த சிநேகிதர் ஒருவரேனும் உண்டென்று அவர் நூலில் நாம் காணவில்லை.

சிநேகிதர் கிடைத்தது வேறோர் இடத்தில். தாயாருக்குச் செய்து கொடுத்த பிரமாணத்தின்படி மாமிசம் உண்ணாமல் பட்டினி கிடந்த அவர், தினம் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து மரக்கறி போஜனசாலை தேடினார். ஒருநாள் பாரிங்டன் தெருவில் அதைக் கண்டார். அங்கே சால்ட் என்பவர் மரக்கறியுணவுக்காகப் பரிந்து எழுதிய புத்தகத்தை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போய் உண்டார். சீமைக்கு வந்தபின் வயிறார உண்டது அதுவே முதல் தடவை. அதுவரை பாரமாயிருந்த விரதம் அன்று முதல் அவருக்கு ஒரு கூட்டத்தையே கொடுத்தது. லண்டன் மரக்கறியுணவினர் சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியில் அங்கத்தினரானார். தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு சிறு சங்கம் ஏற்படுத்தினார்; டாக்டர் ஓல்டுபீல்டு தலைவர், பகவத் கீதையை இங்கிலீஷ் கவிதையாக்கிய ஸர் எட்வின் ஆர்னால்டு உபதலைவர், காந்தி காரியதரிசி. தொப்பியாலும் பிடிலாலும் வாராத மனிதர்கள், எந்த விஷயத்தில் அவர் தம் ஊராராகவே நின்றாரோ அந்த விஷயத்தின் பொருட்டு வந்தார்கள்.

இதில் நமது வாலிபர் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. காந்தி அந்த இங்கிலீஷ்காரர்களிடம் "என்னோடு சிநேகமாயிருங்கள்" என்று யாசிக்கவில்லை. அவர்களுக்கும் அவருக்கும் பொதுவான ஒரு வேலை இருந்தது. அதன் கடிதங்களை எழுத வேண்டும், கூட்டத்துக்கு இடம் பிடிக்க வேண்டும், சந்தா வசூலிக்க வேண்டும். பேசத் தெரியாத கூச்சக்காரனும் செய்யக்கூடிய வேலைகள் இவை. அவரோ உண்மையிலேயே பேசத் தெரியாதவர். 1891-ல் ஊருக்குப் புறப்படுமுன் ஹால்பர்ன் போஜனசாலையில் சிநேகிதருக்கு விருந்தளித்து, சிரமப்பட்டுத் தயாரித்த பிரசங்கத்தின் முதல் வாக்கியத்துக்கு மேல் ஞாபகம் வராமல், வந்தனம் கூறிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வந்திருந்தோர் அதனால் அவரை நேசிப்பதைக் குறைத்துக்கொள்ளவில்லை.

பிரைட்டன் கடற்கரையூரில் நிகழ்ந்ததொரு சம்பவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஹோட்டல் மேஜையில் பதார்த்தப் பட்டியல் பிரெஞ்சு பாஷையில் இருந்தது. ஒன்றும் விளங்காமல் காந்தி விழித்துக்கொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி தாமே பேச்சுக் கொடுத்து, எதெதில் மாமிசம் இல்லையென்று படித்துச் சொன்னாள். அவ்வளவில் தொடங்கிய பழக்கம் லண்டனில் ஞாயிறுதோறும் அவள் வீட்டில் விருந்துண்ணும் அளவுக்கு வளர்ந்தது. அவருடைய கூச்சத்தைப் போக்க எண்ணி, வீட்டிலிருந்த ஒரு யுவதியோடு அவரைத் தனியே பேசவும் விட்டாள். இங்கேதான் சங்கடம். அக்காலத்து இந்திய மாணவர்கள் தங்களுக்குக் கல்யாணமாகிவிட்டதை வெட்கத்தினால் மறைத்துப் பிரம்மசாரிகளாகக் காட்டிக்கொள்வது வழக்கம். காந்தியும் ஊரில் மனைவியும் ஒரு குழந்தையும் உள்ளவர். ஒரு பொய்யின் மீது சிநேகம் வளர்ந்து வருவதைக் கண்ட அவர், பலமுறை எழுதித் திருத்தி ஒரு கடிதம் அனுப்பினார். உண்மை இதுதான், இனி என்னை உமது வீட்டுக்கு அழைக்கலாகாதென்று நீங்கள் கருதினால் தவறாக எண்ணமாட்டேன் என்பது அதன் கருத்து. கிழவி வாய்விட்டுச் சிரித்ததாகவும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் பால்ய விவாகத்தைப் பற்றி எங்களுக்குச் சொல்லுமென்றும் பதில் வந்தது.

பரதேசத்தில் வாழ்வோருக்கு இந்தச் சோதனை இன்றும் வருகிறது. தம்மை அறிந்தவர் ஒருவருமில்லாத ஊரில் தம்மைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். குடும்பத்தின் ஏழ்மையை மறைக்கலாம், பரீட்சையில் தவறியதை மறைக்கலாம், தகப்பனார் உத்தியோகத்தை உயர்த்திச் சொல்லலாம். அப்படிக் கிடைக்கும் சிநேகிதர் அந்தக் கற்பனை மனிதனுக்கே சிநேகிதர். நம் மாணவர் அவர்கள் நடுவிலும் தனியராகவே இருப்பார்.

நிற்க. கடிதமும் தொப்பியும் இல்லாமல் போனவர்களைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாரிஸ்டர்களின் கதையாகிவிடும். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் நமது சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டு 1860-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி டர்பன் சேர்ந்தது. பிரிட்டிஷ் கயானாவுக்கு 1838 முதலும், டிரினிடாடுக்கு 1845 முதலும் கல்கத்தாவிலிருந்து கப்பல்கள் சென்றன. பல வாரக் கணக்கான அக்கடற் பிரயாணத்தில் பிராமணன் முதல் சண்டாளன் என்று வைதிகர் ஒதுக்கியவன் வரை ஒரே தளத்தில் படுத்து, ஒரே கொப்பரையில் வெந்ததை உண்டார்கள். கரை சேர்ந்தபின் தோட்டம் தோட்டமாகப் பிரிக்கப்பட்டபோதிலும், ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒருவரையொருவர் "ஜகாஜி பாய்", அதாவது கப்பற் சகோதரன் என்று அழைத்து, உடன் பிறந்தாராகவே பாவித்தார்கள். கப்பற் சகோதரன் மகளைத் தன் மகனுக்குக் கொள்வது கூட முறையன்று என்று கருதுமளவுக்கு அந்த உறவு பலப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஏழைகள், ஊரில் ஆயிரம் வருஷமாக ஒருவரும் செய்யாததை மூன்று மாதத்தில் செய்தார்கள். இது கண்டு படித்தவர்கள் நாணவேண்டுமென்றே நமக்குத் தோன்றுகிறது. ஏனெனில் விமானத்தில் ஒரே இரவில் போய்ச் சேரும் இக்காலத்தவரிற் சிலர் ஊரில் இருந்த வேலிகளை அப்படியே பெயர்த்து எடுத்துப்போய் அங்கே நடுகிறார்கள். 2023-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் ஸியாட்டில் நகரசபை ஜாதி பற்றிய வேற்றுமையைச் சட்டத்தால் தடுக்க வேண்டியதாயிற்று. அந்நாட்டு நகரங்களில் இதுவே முதலாவது.

இதற்கு நேர்மாறானதொரு சிநேகத்தையும் குறிப்பிடுவோம். 1913-ஆம் வருஷம் பரோடா மகாராஜாவின் உதவிச் சம்பளத்தில் நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்ற டாக்டர் அம்பேத்கர், மாணவர் விடுதியில் நவல் பதேனா என்ற பார்ஸி வாலிபருடன் பழகினார். ஊரில் ஒரே குழாயில் தண்ணீர் குடிக்க விடப்படாத அவர், அங்கே ஒரே மேஜையில் உண்டார். அந்தச் சிநேகம் ஆயுள் முழுதும் நீடித்தது. பின்னர் 1920-ல் படிப்பை முடிக்க லண்டன் செல்லப் பணம் போதாதபோது பதேனா கடன் கொடுத்து உதவினார். இடையே 1917-ல் அம்பேத்கர் பரோடாவுக்கு உத்தியோகம் ஏற்க வந்தபோது, அந்நிய நாட்டு வாசத்தில் தாம் தீண்டாதவரென்ற நினைவே மறந்துபோயிருந்ததாகவும், தங்க இடம் தேடிய அன்று அது திரும்பி வந்ததாகவும் எழுதியிருக்கிறார். பரதேசத்தில் ஒரு மனிதருக்குச் சிநேகிதரும், சொந்த தேசத்தில் தங்குவதற்கு ஒரு சத்திரமும் இல்லையென்றால், எது பரதேசம் எது சுதேசம் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டியவர்களே.

கும்பகோணத்து ராமானுஜன் கதை இதைவிட மெல்லியது. ஆனால் மனத்தை அதிகம் வருத்துவது. 1914-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அவர் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். நாலு மாதத்தில் ஐரோப்பிய யுத்தம் மூண்டது. கல்லூரியில் வாலிபர் குறைந்தனர். மரக்கறியும் மளிகைச் சாமானும் அரிதாயின. பேராசிரியர் ஹார்டி அவரைத் தினந்தோறும் சந்தித்தார், அவருடைய கணித மேதையை உலகறியச் செய்தார். அந்தக் கடன் நம் நாட்டால் தீர்க்கக்கூடியதன்று. ஆயினும் இருவரும் பேசியதெல்லாம் பெரும்பாலும் கணிதமே. ராமானுஜன் தம் அறையிலேயே சமைத்துத் தனியே உண்டார்.

அக்காலத்தில் கிங்ஸ் கல்லூரியில் படித்த வங்காளத்து வாலிபர் பிரசாந்த சந்திர மஹாலனோபிஸ் ஒருநாள், இரவில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டார். தாங்கவில்லை, மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு சால்வையும் போர்த்துக்கொண்டே தூங்குகிறேன் என்றார் ராமானுஜன். கம்பளி கொடுக்கவில்லையோ என்று மஹாலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன. அந்நாட்டு வழக்கப்படி மெத்தையின் ஓரங்களில் இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைய வேண்டுமென்பது ராமானுஜனுக்குத் தெரியாது. அத்தனை நாளும் மேல்விரிப்பின் மீதே படுத்திருந்தார். உலகம் வியக்கும் சூத்திரங்களைக் கண்ட ஒருவர், படுக்கையில் நுழைவது எப்படியென்று யாரிடம் கேட்பது? கேட்கும்படியான கேள்வியென்று அவருக்குத்தான் எப்படித் தெரியும்? ஒருவர் அறைக்குள் வந்து பார்த்ததனால் அது தீர்ந்தது. நூறு உபதேசப் புத்தகங்களை விட இந்த ஒரு நிகழ்ச்சி நமக்குப் பெரிதாகப் படுகிறது.

மற்றொரு சமயம் அவர் தம் அறைக்குச் சில இந்திய நண்பர்களை விருந்துக்கு அழைத்துத் தாமே சமைத்துப் பரிமாறினார். விருந்தினர் திருப்தியாக உண்டு, மேலும் பரிமாற வந்தபோது போதுமென்று சொல்லிப் பேசிக்கொண்டிருந்தனர். சற்று நேரத்தில் பார்த்தால் வீட்டுக்காரரைக் காணோம். போதுமென்றது தம் உபசாரத்தை அவமதித்ததாகத் தோன்ற, மனம் நொந்து அப்படியே ஆக்ஸ்போர்டுக்குப் போய்விட்டார். சில நாள் கழித்தே திரும்பினார். இது கேட்டு நகைக்கத் தோன்றும். தஞ்சை ஜில்லாவில் பந்தியில் "போதும்" என்றால் இன்னும் இரண்டு கரண்டி விழும் என்பது நமக்குத் தெரியும். மறுப்பதற்கும் வற்புறுத்துவதற்கும் அங்கே ஒரு தாளம் உண்டு. தனிமையில் வெகுகாலம் இருந்தவர்க்கு அந்தத் தாளம் ஒரு மாத்திரை தவறினாலும் நெஞ்சில் தைக்கும். புதிதாக வந்தவர்களிடம் பழகுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும். அவர்களுடைய ரோஷம் பெரும்பாலும் பசியே. 1917 முதல் நோயில் விழுந்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாறி, 1919-ல் தாய்நாடு திரும்பிய ராமானுஜன் மறு வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் மரணமடைந்தார். அவருக்கு வயது 32. நல்ல சமையலும் நாலு நண்பரும் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரென்று சொல்ல நாம் வைத்தியரல்லோம். ஆனால் அக்கேள்வி எழாமலும் இல்லை.

மீண்டும் காந்தியிடம் வருவோம். 1893-ல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர் பழைய கூச்சக்காரரல்லர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் லண்டனில் கற்ற வித்தையை மறக்கவில்லை. பிரிட்டோரியாவில் முதல் நாளிரவு தங்க இடமின்றி ரயிலடியில் நின்றபோது, ஒரு அமெரிக்க நீக்ரோ தாமே முன்வந்து ஜான்ஸ்டன் என்பவருடைய ஹோட்டலுக்கு அழைத்துச் சென்றார். அவ்வூர் இந்தியரைக் கூட்டி வைத்துப் பேசிய காந்தி, இங்கிலீஷ் கற்க விரும்புவோருக்குத் தாமே அவர்களிடம் சென்று கற்பிப்பதாகச் சொன்னார். ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு கடைக்காரர் என மூவர் வந்தனர். புதிதாக வந்தவன் உதவி கேட்பவனாகவே இருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. வந்த மாதத்திலேயே கொடுப்பதற்கு ஏதாவது ஒன்று அவனிடமும் இருக்கும்.

ஜோஹானஸ்பர்க்கிலும் மரக்கறி போஜனசாலையே அவருக்குச் சபாமண்டபமாயிற்று. ஆல்பர்ட் வெஸ்ட் என்ற அச்சுத் தொழிலாளியை அங்கே தினம் மாலையில் சந்தித்து, உண்டபின் இருவரும் உலாவப் போவது வழக்கம். 1904-ல் இந்தியர் குடியிருப்பில் பிளேக் நோய் கண்டபோது, நோயாளிகளிடையே இருந்த காந்தி பிறருக்குத் தொற்றக்கூடாதென்று மற்றவர்கள் வருமுன்பே உண்டுவிட்டுப் போய்விடுவார். இரண்டு மூன்று நாள் இவரைக் காணாத வெஸ்ட், அதிகாலையில் வீட்டுக் கதவைத் தட்டி, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய நானும் வருகிறேன் என்றார். அதற்கு அவசியமில்லை, டர்பனிலுள்ள "இந்தியன் ஒப்பினியன்" அச்சுக்கூடத்தை ஏற்று நடத்த முடியுமா, மாதம் பத்துப் பவுன் தருவோம் என்றார் காந்தி. மறுநாளே வெஸ்ட் ரயிலேறினார். பழக்கத்துக்கும் சிநேகத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே போலும்: பழகியவன், இன்று அவரைக் காணோமே என்று நினைப்பான், சிநேகிதன் வந்து கதவைத் தட்டுவான்.

அதே போஜனசாலையில், அதே சமயத்தில், பிளேக்கைப் பற்றிக் காந்தி பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு அவரை அறிமுகம் செய்துகொள்ள விரும்பியவர் ஹென்றி போலக். இங்கிலாந்திலிருந்து வந்த யூத வாலிபர். ஒரு பத்திரிகையில் உதவியாசிரியர். ஒருநாள் டர்பனுக்குப் புறப்பட்ட காந்தியிடம் ரயிலில் படிப்பதற்கென்று ரஸ்கின் எழுதிய "அன்டு திஸ் லாஸ்ட்" என்ற நூலைக் கொடுத்தார். இருபத்துநாலு மணி நேரப் பிரயாணம்; காந்தி அன்றிரவு தூங்கவில்லை. அவ்வருஷமே பீனிக்ஸ் குடியிருப்பு தோன்றியது. 1910-ல் டால்ஸ்டாய் பண்ணைக்காக 1,100 ஏக்கர் நிலத்தைக் கூலியின்றி அளித்த ஜெர்மானிய யூதர் காலன்பாக்கும் இப்படி அந்நியராக வந்து கூடியவரே. இவர்கள் யாவரும் அந்த ஊருக்குப் புதியவர்கள் என்பதைக் கவனிக்கவும். பழங்குடிகள் தங்கள் வட்டத்தில் நிறைந்திருப்பர். புதியவனுக்குச் சமயத்தில் இடம் தருபவன் பெரும்பாலும் நேற்று வந்த மற்றொரு புதியவனே.

இங்கே நம் காலத்து வாலிபரில் இரு வகையினரைப் பற்றி நமது அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முதல் வகையினர் எட்டுப் பேர் ஓரறையிலிருந்து, ஊர்ச் சமையல், ஊர்ப் படம், ஊர்ச் சச்சரவு இவற்றோடு இரண்டு வருஷத்தைக் கழித்துவிட்டுத் திரும்புவர்; அந்த நாட்டார் ஒருவர் வீட்டுத் திண்ணையைக்கூட மிதித்திரார். இரண்டாம் வகையினர் தமிழ்க் குரல் கேட்டாலே வீதியின் மறுபக்கம் போவர். முதல் வகையினரை நாம் அதிகம் குறைகூறோம். குளிருக்குக் கூடி ஒடுங்குவது ஜீவசுபாவம். தமிழ்ச் சங்கமும் பொங்கல் விழாவும் பலரைச் சித்தப்பிரமையிலிருந்து காப்பாற்றியிருக்கின்றன. இரண்டாம் வகையினரிடத்தில்தான் நமக்குப் பொறுமை குறைவு. தன்னவரைக் கண்டு வெட்கும் ஒருவனை அந்நியர் எதற்காக மதிப்பார்கள்?

வெளிநாட்டில் நம்மவர் படும் தனிமையைக் குறித்து இரங்கும் நாம், நம் ஊருக்கு வந்து சேர்ந்தவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதும் இவ்விஷயத்தில் அடங்கியதே. திருப்பூர்ப் பனியன் ஆலைகளிலும், சென்னையில் எழும்பும் மாளிகைகளிலும் பீகார், ஒரிஸ்ஸா, ஜார்க்கண்டு நாட்டுத் தொழிலாளிகள் லட்சக்கணக்காக உழைக்கிறார்கள். 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், தமிழ்நாட்டில் பீகாரிகள் தாக்கப்படுகிறார்களென்று பொய்ப் படங்கள் கைப்பேசிகளில் பரவின. அவை பொய்யென்று போலீஸார் தெரிவித்தும், பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து விசாரித்தும், அதற்குள் பலர் பீதியடைந்து மூட்டை கட்டி ரயிலடிக்குப் போய்விட்டனர். அந்தப் பொய்யை உண்டாக்கியவர்களைச் சட்டம் கவனிக்கட்டும். நம்மை உறுத்துவது வேறு. வருஷக்கணக்கில் இவ்வூரில் வேலை செய்த ஒரு மனிதன், "இது மெய்யா?" என்று கேட்கப் பக்கத்து வீட்டில் ஒரு தமிழனை அறிந்திருக்கவில்லை. டீக்கடையில் தினம் பக்கத்தில் நிற்கிறவன் பெயர் என்னவென்று நமக்குத் தெரியாது. நம் பெயர் அவனுக்குத் தெரியாது. லண்டன் கிழவி ஞாயிற்றுக்கிழமை ஒரு இந்திய வாலிபனை வீட்டுக்கு அழைத்தாள் என்று படித்து மகிழும் நாம், எத்தனை பேரை அழைத்திருக்கிறோம்?

சென்னைக்கு இதில் நல்ல பூர்வ சரித்திரமும் உண்டு. 1909-ல் டிரான்ஸ்வால் இந்தியரின் துயரத்தை எடுத்துச் சொல்ல, மேற்கூறிய போலக் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இத்தேசத்துக்கு அவர் முற்றிலும் புதியவர், பாஷை தெரியாது, வெள்ளைக்காரர். சென்னையில் "இந்தியன் ரிவ்யூ" ஆசிரியர் ஜி. ஏ. நடேசன் அவரைச் சகோதரரைப் போல் ஏற்று, கூட்டங்கள் கூட்டி, தென்னாப்பிரிக்க இந்தியரைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை அவ்வருஷமே அச்சிட்டு வெளியிட்டார். மறு வருஷம், டிரான்ஸ்வால் அரசாங்கத்தார் நாடு கடத்திய சத்தியாக்கிரகிகள் சென்னையில் வந்திறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலார் தமிழர். ஆனால் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து வளர்ந்து, இந்தியாவை ஒருநாளும் கண்டிராதவர் பலர் அவர்களில் இருந்தனர். தாய்நாடு என்று சொல்லப்பட்ட ஊரில் அவர்களுக்கு ஒரு முகமும் தெரியாது. நடேசன் அவர்களுக்கு உணவும் இடமும் ஏற்பாடு செய்தார்.